கேபின் ஆலையில், பாடி பட்டறையில்

ஓசூரிலிருந்து சேலம் வழியாக நாமக்கல் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வெறும் சேஸ்கள் ஓடிவருவதைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. முன்முகம், இன்ஜின், ஸ்டீயரிங், சக்கரங்கள், அவ்வளவுதான். கூரையும் கதவும் இல்லாத அந்த வண்டியை, தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வெயிலிலும் புழுதியிலும் ஒருவர் ஓட்டிவந்து சேர்ப்பார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் பாடி கட்டிய பிறகுதான் அது லாரி. இப்போது அந்த வெறும் சேஸ்களுக்கு நடுவே, ஆலையிலேயே கேபின் ஏற்றிய வண்டிகள் அதிகம் தெரிகின்றன. கேபினோடு வாங்குவதா, சேஸை வாங்கிப் பட்டறையில் கட்டுவதா என்பது வண்டி வாங்குபவரின் கேள்வி. பட்டறைக்காரருக்கோ அது பிழைப்பின் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் பழைய இடத்திலேயே நிற்கிறது என்பது, பட்டறைகளை நேரில் பார்த்தபின் எனக்குத் தோன்றியது.

பாடி கட்டும் பட்டறை என்பது உண்மையில் பல தொழில்கள் ஒரே கூரைக்குக் கீழ் கூடும் இடம். வெல்டர் சட்டம் கட்டுகிறார். டிங்கர் தகட்டை வளைத்துத் தட்டி வடிவுக்குக் கொண்டுவருகிறார். மரவேலை ஆசாரிக்கு முன்பிருந்த இடம் சுருங்கியிருந்தாலும் தளப்பலகையிலும் கட்டைகளிலும் இன்னும் அவர் கை இருக்கிறது. பிறகு ஒயரிங், குஷன், பெயின்ட். கடைசியில் முகப்பில் குலதெய்வத்தின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் எழுதுபவர். இவர்களில் பெரும்பாலோர் வரைபடம் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. எதிரே நிற்கும் சேஸை அளந்து, முதலாளி ஏற்றப்போகும் லோடு என்னவென்று கேட்டு, அதற்குத் தக்கபடி வெட்டுகிறார்கள். இந்தக் கேள்வியும் இந்த அளவும்தான் பட்டறையின் முதல்.

இதே வழக்கு துப்பாக்கித் தொழிலிலும் உண்டு, அங்கே அது இன்னும் தெளிவாகத் தெரியும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் தேய்ந்த குழலை மாற்றும்போது, பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு வரைதான் முன்பின்னாக இருக்கலாம். கூடினால் தோட்டாவின் உறை கிழியும், குறைந்தால் போல்ட் பூட்டாது. குழலும் போல்ட்டும் பொருந்தும் கூடான ரிசீவர் துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளவில் சற்று மாறும் என்பதால், தொழிலாளி லேத்தில் வைத்து அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே குழலைக் கடைந்து பொருத்தினார். அமெரிக்காவில் 1958இல் வந்த சேவேஜ் 110 குழலை ஒரு நட்டால் இறுக்கியது. கேஜை வைத்து இடைவெளியைப் பார்த்து நட்டை முடுக்கினால் போதும். பிற்பாடு சில நிறுவனங்கள் ரிசீவரையே அளவு பிசகாமல் கடையத் தொடங்கவே, நட்டும் தேவைப்படாத ஆயத்தக் குழல்கள் கடைக்கு வந்தன. பொருத்தும் வேலை ஒழிந்ததாக இதைச் சொல்ல முடியாது. குழல் மாற்றுபவரின் பட்டறையிலிருந்து ரிசீவர் கடையும் ஆலைக்கு அது இடம் மாறியிருக்கிறது. ஆகவே ஆயத்தப் பொருளா, ஆள் பொருத்துவதா என்று கேட்பதற்கு முன் இரண்டு சங்கதி தெரிய வேண்டும். அடிப்பாகம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியா? பயன்பாடும் ஒரே மாதிரியா?

லாரி கேபினுக்கு இரண்டு கேள்விக்கும் விடை ஆம். ஒரே மாடல் சேஸ்கள் அளவில் ஒன்றே. கேபினுக்குள் நடக்கும் வேலையும், சிமென்ட் ஏற்றினாலும் முட்டை ஏற்றினாலும், ஒன்றே: ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் உட்காருகிறார் அல்லது தூங்குகிறார். அவர்கள் உயிர் தப்புவதற்கான தேவையும் ஒன்றே. ஏ.ஐ.எஸ். 029 என்ற தரநிலை, கேபினின் முன்புறத்தை ஊசலில் தொங்கும் எடையால் மோதியும், கூரையின் மீதும் பின்சுவரின் மீதும் பாரத்தைக் கொடுத்தும், உள்ளே ஆள் பிழைக்க இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறது. இந்தச் சோதனையில் கேபின் நசுங்கும். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்பவருக்கு ஒன்றிரண்டை நசுக்கிப் பார்ப்பது செலவே இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டும் பட்டறை எதை நசுக்கிப் பார்க்கும்? வெல்டரின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கட்டிய கேபின் ஆலைக் கேபினைவிட உறுதியாகவே இருக்கலாம். ஆனால் விபத்துக்கு முன்னால் அதை அறிய அவருக்கும் வழியில்லை, ஓட்டுநருக்கும் வழியில்லை. இதற்கு மேல், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி செய்தது. கதவிடுக்கும் தளமும் இன்ஜின் பக்கத் தடுப்பும் காற்றுப் புகாமல் பொருந்தினால்தான் ஏ.சி.க்கு அர்த்தம் உண்டு. அந்த அடைப்பு அச்சில் அடித்த தகட்டில் எளிதாக வரும், சுத்தியலால் தட்டிய தகட்டில் சிரமப்பட்டுத்தான் வரும்.

பட்டறைக் கேபினுக்காகப் பேசுபவர்களின் வாதங்கள் வெறும் பற்றினால் எழுந்தவை என்று ஒதுக்க முடியாது. உள்ளே இடம் தாராளம்; வடக்கே போய்த் திரும்பும் வண்டியில் அடுப்பு, பாத்திரம், படுக்கை எல்லாவற்றுக்கும் இடம் விட்டுக் கட்டலாம். எங்கேயாவது இடித்துக்கொண்டால் வழியில் கிடைக்கும் எந்த டிங்கரும் தட்டிச் சரிசெய்வார். ஆலைக் கேபினுக்கோ உதிரிப் பாகம் வரும்வரை வண்டி நிற்க வேண்டும், நிற்கிற வண்டிக்கும் மாதத் தவணை ஓடும். ஒற்றை வண்டி முதலாளிக்கு இது பெரிய கணக்கு. ஆனாலும் இந்தத் தராசின் ஒரு தட்டில் இருப்பது முதலாளியின் செலவு, மறு தட்டில் இருப்பது ஓட்டுநரின் உயிர். முடிவெடுப்பவர் ஒருவர், உள்ளே உட்காருபவர் இன்னொருவர் என்னும்போது, தேர்வை வாங்குபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை. முதலாளியே ஓட்டுநராக இருக்கும் வண்டிகளும் இங்கே நிறைய உண்டுதான். அவர் பக்கத்தில் உட்காரும் கிளீனர் முதலாளி இல்லையே.

கேபினின் பின்சுவரைத் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. இந்தச் சமவெளியின் லோடுகளை நினைத்துப் பார்த்தாலே போதும். சங்ககிரியிலிருந்து சிமென்ட், சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டையும் வெள்ளைக்கல்லும், நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை, பண்ணைகளுக்குக் கோழித்தீவனம், திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் ரிக், அதன் பின்னால் ராடுகளைச் சுமந்துகொண்டு போகும் துணை லாரி. முட்டைக்குக் காற்று வேண்டும், குலுங்கக் கூடாது. கல்லுக்குத் தளம் கனக்க வேண்டும், ஓரப்பலகை உயரம் குறையலாம். ரிக்கில் எடை முழுவதும் ஒருசில புள்ளிகளில் இறங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாடி என்றால் ஏதாவது ஒன்றுக்குத் தேவையில்லாத இரும்பைச் சுமக்க வேண்டிவரும். வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடைக்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னாக இருந்தது 2018 ஜூலையில் 28.5 டன்னானது. அந்த வரம்புக்குள், பாடியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வாடகை தரும் லோடில் ஒரு கிலோவைத் தின்கிறது, அதுவும் வண்டியின் ஆயுள் முழுக்க.

இன்னொரு நுட்பமும் உண்டு. மேடு பள்ளத்தில் லாரியின் சேஸ் முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். மேலே ஏற்றும் பாடி அந்த முறுக்கத்துக்கு இடம்கொடுக்காமல் விறைத்து நின்றால், ஒன்று பாடி விரிசல் விடும், இல்லையென்றால் சேஸின் நீளவாட்டுச் சட்டமான லாங் மெம்பர் விரிசல் விடும். அதனால்தான் நல்ல பட்டறைக்காரர் லாங் மெம்பரின் விளிம்பில் வெல்டிங் வைக்க மாட்டார், துளை போட மாட்டார். இடையே கட்டையோ ரப்பரோ கொடுத்து யூ போல்ட்டால் பிடிப்பார், முன்பக்கம் சற்று நெகிழ விடுவார். எவ்வளவு நெகிழ விடுவது என்பது லோடைப் பொறுத்தது, ஓடும் சாலையைப் பொறுத்தது. துப்பாக்கி உவமையில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இங்கே விடை இல்லை என்பதுதான். பயன்பாடு வண்டிக்கு வண்டி வேறு.

ஆலைகளும் சும்மா இல்லை என்பார்கள். கேபின், அச்சு, சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் வாங்குபவர் விருப்பப்படி சேர்த்துத்தரும் ஏ.வி.டி.ஆர். வரிசையை அசோக் லேலண்ட் 2020இல் கொண்டுவந்தது. டிப்பர்கள் முழு வண்டியாகவே வருகின்றன. ஒத்துக்கொள்கிறேன்; டிப்பரின் வேலை எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அது ஆலைக்குப் போனதில் வியப்பில்லை. நாமக்கல் முதலாளிகள் நிறைய வைத்திருக்கும் எல்.பி.ஜி. டேங்கர்கள் இன்னும் நல்ல சான்று. வாயு அழுத்தத்தைத் தாங்கும் அந்த உருளையை, நாகப்பூரில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்றவர்தான் செய்ய முடியும். பட்டறையில் அதில் கைவைக்க எவரும் துணிவதில்லை. பிழை நேர்ந்தால் மடிவது யார் என்று கேட்டுத்தான் அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள். கேபினிலும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

கேபின் போனால் பட்டறையில் வேலை குறையும், முதலில் டிங்கருக்கும் குஷன் வேலைக்காரருக்கும். இந்த நஷ்டத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மரம் போய்த் தகடு வந்தபோது ஆசாரிகளுக்கு நேர்ந்தது இதுதான், அப்போதும் அவர்களுக்கு யாரும் மாற்று ஏற்பாடு செய்து தரவில்லை. இப்போது செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. சேஸ் விற்கும் நிறுவனங்கள் எங்கே யூ போல்ட் பிடிக்கலாம், எங்கே துளை கூடாது, பாரம் எங்கே இறங்க வேண்டும் என்ற பாடி கட்டும் குறிப்பை இங்குள்ள பட்டறைகளுக்குத் தமிழில் படத்தோடு தர வேண்டும். இடிபட்ட ஆலைக் கேபினை எதுவரை தட்டிச் சரிசெய்யலாம், எந்தத் தூணில் அடிபட்டால் மாற்றியே ஆக வேண்டும் என்று டிங்கர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். ஆலைக் கேபின்கள் பெருகப் பெருக இடிபட்டு வருபவையும் பெருகும், அவற்றைத் தட்டப்போவதும் இதே டிங்கர்கள்தான்.