நிலத்தடிக்கும் ஒரு தேசப்படம்

வீதிக்கும் பாலத்துக்கும் அரசாங்கம் ஒதுக்கும் பணத்தை மக்கள் கண்ணால் காண்கிறார்கள். அமைச்சர் வருகிறார், நாடா வெட்டுகிறார், நினைவுக்கல்லைத் திரை நீக்கம் செய்கிறார். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. வரவு செலவுத் திட்ட விவாதங்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக்காகக் கேட்டும் வாசித்தும் எழுதியும் வந்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். நாடா வெட்ட முடியாத செலவினங்களுக்காகச் சபையில் வாதாட எவரும் முன்வருவதில்லை. அத்தகைய செலவினங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று எழுத எண்ணுகிறேன். நிலத்துக்கு அடியில் என்ன பாறை கிடக்கிறது என்பதைப் படமாக வரைந்து வைப்பதற்கான செலவு அது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழகத்து வாசகர்கள் பலர் இத்துறையைப் புவியியல் அல்லது நிலவியல் என்பர். இலங்கையில் எமக்குப் புவியியல் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த வேறொரு பாடம்; பாறைகளையும் அவற்றின் வரலாற்றையும் ஆராய்வதைப் புவிச்சரிதவியல் என்கிறோம். பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் நான் கற்றது முன்னையது. பின்னையதைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் வாசித்தும் கேட்டும் அறிந்ததே.

சாதாரண தேசப்படம் ஊரையும் ஆற்றையும் வீதியையும் காட்டும். புவிச்சரிதவியற் படம் அவற்றுக்குக் கீழே உள்ளதை நிறங்களால் காட்டும். ஒரு நிறம் சுண்ணாம்புக்கல், இன்னொரு நிறம் மணற்கல், மற்றொன்று ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். பாறைப் படைகள் எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றன, எங்கே முறிந்திருக்கின்றன என்பதற்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. இதனை வரைபவர்கள் அலுவலகத்தில் இருந்தபடி வரைவதில்லை. சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு ஓடைகளிலும் வீதிக்காக வெட்டிய மேடுகளிலும் மாதக்கணக்கில் நடந்து, வெளியே தெரியும் பாறையைப் பார்த்து, தெரியாத இடத்தில் என்ன இருக்கும் என்பதை அறிவால் ஊகித்து வரைகிறார்கள்.

இப்படத்தின் பெறுமதி எனக்குப் புரிந்தது என் தமக்கையின் மகனால். அவன் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் போலிங் கிறீன் நகரில் வசிக்கிறான். 2012 இல் நகரின் ஓரத்தில் வீடு கட்டுவதற்குக் காணி தேடிக்கொண்டிருந்தான். ஒரு காணி மனதுக்குப் பிடித்திருந்தது. பின்பக்கத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று இருந்தது. மழைக் காலத்தில் நீர் தேங்கி அழகாக இருக்கும் என்று விற்பவர் சொன்னாராம். அவனோடு வேலை செய்த முதியவர் ஒருவர், முற்பணம் கொடுக்குமுன் மாநிலத்தின் புவிச்சரிதவியற் படத்தை ஒரு தடவை பார்க்கும்படி கூறியிருக்கிறார். இணையத்தில் இலவசமாகவே கிடைத்த படம் அது. பார்த்துவிட்டு இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"மாமா, இஞ்சையும் எங்கடை ஊர் மாதிரிச் சுண்ணாம்புக்கல்தான். அந்தப் பள்ளம் குளம் இல்லையாம். நிலம் உள்ளுக்கை கரைஞ்சு இறங்கின இடமாம்."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எமது குடாநாடும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்த நிலமே. மழைநீர் அக்கல்லைச் சிறுகச் சிறுகக் கரைத்து உள்ளே குகைகளையும் ஓடைகளையும் உண்டாக்கும். கூரை தாங்க முடியாதபோது மேல்நிலம் இறங்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். உலகிலேயே மிக நீளமானதாக அறியப்பட்ட மமத் குகையும் போலிங் கிறீனுக்கு அண்மையிலேயே உள்ளது.

அவன் அந்தக் காணியை வாங்கவில்லை. சற்றுத் தூரத்தில் வேறொன்றை வாங்கினான். முதற்காணியில் இன்றுவரை எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்திருந்தால் செய்தி. நடக்காதபடியால் அது என் மருமகனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அவன் இலவசமாகப் பார்த்த படத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தேடியபோதுதான் இக்கட்டுரைக்கான விடயம் கிடைத்தது.

கென்டக்கி இலங்கையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்புடையது. 1960 முதல் 1978 வரை பதினெட்டு ஆண்டுகள், மாநிலத்தின் அளவைத் திணைக்களமும் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களமும் கூட்டாக அம்மாநிலம் முழுவதையும் 707 தாள்களில் வரைந்து முடித்தன. படத்தில் ஓர் அங்குலம் நிலத்தில் இரண்டாயிரம் அடி என்ற அளவு. செலவு அக்காலக் கணக்கில் ஏறத்தாழ 2 கோடி 10 இலட்சம் டொலர். நிலக்கரி, எண்ணெய், களிமண் போன்றவற்றைக் கண்டறிந்தால் தொழில்கள் பெருகும் என்பதே அன்று முன்வைக்கப்பட்ட பிரதான நியாயம்.

பணி முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், சுபாஷ் பக்வத், விஜு ஐப் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் படங்களைத் தொழிலில் பயன்படுத்துவோரிடம் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டனர். இந்தப் படம் இல்லாவிட்டால் அதே தகவலைத் திரட்ட உங்களுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? கிடைத்த பதில்களைக் கூட்டிக் கழித்து அவர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, அரசு செலவிட்ட பணத்தைப் போல் குறைந்தது 25 மடங்கும் கூடியது 39 மடங்கும் பயன் கிடைத்துள்ளது என்பதாகும். நிலக்கரிக்காக வரைந்த படங்களை நிலத்தடி நீரைத் தேடுவோரும், வீதி அமைக்கும் பொறியியலாளரும், குப்பை கொட்டும் இடத்தைத் தீர்மானிப்போரும், நகரத் திட்டமிடுவோரும் கையில் வைத்திருந்தார்கள். வரையும்போது இவர்களுள் பலர் பயனாளிகளாகக் கணக்கில் எடுக்கப்படவே இல்லை.

இந்தப் பாடம் எளிதில் கற்கப்பட்டதன்று. கலிபோர்னியா 1860 இல் ஜோசையா விற்னி என்பவரை மாநிலப் புவிச்சரிதவியலாளராக நியமித்தது. தங்கம் எங்கே என்று அவர் சொல்வார் எனச் சட்டசபை எதிர்பார்த்தது. அவரோ முறைப்படி அனைத்தையும் ஆராயத் தலைப்பட்டார். 1864 இல் வெளிவந்த நூல் பண்டைய உயிர்ச்சுவடுகளைப் பற்றியதாக இருந்ததைக் கண்டு உறுப்பினர்கள் சினங்கொண்டனர். 1868 இல் பணம் நின்றது. 1874 இல் அளவையே கலைக்கப்பட்டது. அவருடன் மலையேறிய இளைஞர்களுள் ஒருவரான கிளாரன்ஸ் கிங், 1879 இல் அமைக்கப்பட்ட அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளரானார் என்பது வேறு கதை.

இலங்கையிலும் ஆரம்பம் கனிமத்தை முன்வைத்தே நிகழ்ந்தது. 1903 இல் குடியேற்ற அரசு தொடக்கிய கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளர் வேறு யாருமல்லர், கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே. தோரியனைற்று என்னும் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அவருடைய நினைவு தினக் கட்டுரைகளில் நடராஜ வடிவம் வரும், சுத்தியல் வருவதில்லை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருகிறேன். கென்டக்கியைப் போல் எல்லா மாநிலங்களும் செய்யவில்லை. நாட்டின் பெரும்பகுதிக்கு விரிவான படம் இல்லாதிருந்த நிலையில், 1992 மே மாதம் தேசிய புவிச்சரிதவியற் படமாக்கற் சட்டம் கையொப்பமானது. நான் பத்திரிகை அலுவலகத்தில் காலடி வைத்த ஆண்டும் அதுவே. அச்சட்டத்தின் ஒரு கிளை மத்திய திணைக்களத்தின் வேலைக்கும், இன்னொன்று பல்கலைக்கழக மாணவரைப் பயிற்றுவதற்கும், மற்றொன்று மாநிலங்களின் படமாக்கலுக்கும் பணம் வழங்குகிறது. மாநிலக் கிளையின் விதி மிகச் சுருக்கமானது. மாநிலம் ஒரு டொலர் போட்டால் மத்திய அரசு ஒரு டொலர் போடும். எந்தப் பகுதியை முதலில் வரைவது என்பதை மாநிலத்தின் ஆலோசனைக் குழுவே தீர்மானிக்கும்.

சமஷ்டி என்ற சொல்லையே ஒரு தலைமுறை முழுவதும் அச்சத்துடன் உச்சரித்த நாட்டிலிருந்து எழுதுகிறவனுக்கு இவ்விதி வியப்பைத் தந்தது. எந்த மலை சரியும், எந்தக் கிணறு வற்றும் என்பது அவ்வூரவர்க்கே நன்கு தெரியும் என்பதை ஒரு மத்திய அரசு சட்டத்திலேயே எழுதி வைத்து, அதற்குப் பாதிப் பணத்தையும் தருகிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தன் டொலரைப் போடாத மாநிலத்துக்கு மற்ற டொலரும் கிடையாது. கஷ்ட காலத்தில் மாநிலத் திறைசேரி முதலில் வெட்டுவது இவ்வாறான சிறிய திணைக்களங்களையே. அரிசோனா மாநிலம் 2016 இல் தனது புவிச்சரிதவியல் அளவைக்கான மாநில ஒதுக்கீட்டை நிறுத்தி அதைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விட்டது. மத்தியிலும் நிலைமை பெரிதும் மேலானதன்று. ஆண்டுக்கு 6 கோடி 40 இலட்சம் டொலர் வரை செலவிடலாம் என்று சட்டம் அனுமதித்திருந்தும், 2019 வரை நீண்ட காலமாக அதில் பாதியைக்கூட கொங்கிரஸ் ஒதுக்கவில்லை.

பணப்பை எப்போது திறக்கிறது? 2014 மார்ச் 22 ஆம் திகதி வாஷிங்டன் மாநிலத்தில் ஓஸோ என்ற இடத்தில் மலைச்சரிவு ஒன்று குடியிருப்பைப் புதைத்து 43 உயிர்களைக் கொன்றது. அம்மலை முன்னரும் சரிந்திருந்தது. 2006 இலும் சரிந்தது. அதன் பின்னரும் அங்கு வீடுகள் எழுந்தன. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டசபை, விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தை அளந்து பழைய சரிவுகளைப் படமாக்குவதற்குப் பணம் ஒதுக்கியது. நல்ல காரியமே. ஆயினும் 43 பேரின் பின்னர் வந்த காரியம்.

அதே ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி விடியுமுன், என் மருமகனின் நகரிலேயே, கொர்வெட் கார் அருங்காட்சியகத்தின் தரை திறந்து எட்டுக் கார்கள் குழிக்குள் விழுந்தன. ஒருவருக்கும் காயமில்லை. காவற் கமெரா பதிவு செய்த காட்சியை உலகமே பார்த்தது. 2017 இல் நான் சென்றபோது குழியை நிரப்பி, அது இருந்த இடத்தைத் தரையில் கோடிட்டுக் காட்டியிருந்தார்கள். சனங்கள் வரிசையில் நின்று படம் பிடித்தார்கள். அந்த நிலம் எத்தகையது என்பதைப் பல்லாண்டுகளுக்கு முன்பே காட்டிய தாளைப் படம் பிடிக்க அங்கு எவரும் வரவில்லை. எங்கள் தொழிலின் இயல்பும் இதுவே. விழுந்த கார் தலைப்பாகும். விழாமல் நிற்கும் வீடு ஆகாது.

படம் மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 2014 இல், ஒக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணுக்குள் போயின. அபாயம் முன்னரே இனங்காணப்பட்டு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்தது. வேறிடத்தில் குடியேறுவதற்குக் கையில் ஒரு துண்டு நிலமும் இல்லாத மக்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? என் மருமகன் படத்தைப் பார்த்து வேறு காணி வாங்கினான். அவனிடம் வாங்கும் வசதி இருந்தது. படத்துக்குச் செலவிடும் அரசு, படம் சொல்வதன்படி நடக்கவும் செலவிட வேண்டும்.

2021 நவம்பரில் நிறைவேறிய உட்கட்டமைப்புச் சட்டம், நிலத்தடிப் படமாக்கலுக்கு ஐந்தாண்டுகளில் 32 கோடி டொலரை ஒதுக்கியது. இத்துறையினர் அதுவரை கண்டிராத தொகை. நோக்கம் என்னவென்று பார்த்தால் மின்கல உற்பத்திக்கும் இலத்திரனியற் பொருட்களுக்கும் வேண்டிய லிதியம் முதலான அரிய கனிமங்கள். விற்னியிடம் கேட்கப்பட்ட தங்கத்துக்குப் பதிலாக இப்போது லிதியம். இதைக் குறைகூற எனக்கு மனமில்லை. நிலக்கரிக்காக வரைந்த படம் குடிநீருக்குப் பயன்பட்டது போல, லிதியத்துக்காக வரைவதும் நாளை ஒரு வீட்டைக் காக்கலாம். எனினும் கனிம மோகம் தணிந்ததும் பணம் வற்றிவிட்டால், கனிமம் எதுவுமற்ற, ஆனால் மக்கள் நிறைந்த மாவட்டங்களே வரையப்படாமல் எஞ்சும். சரிவதும் அமிழ்வதும் வெள்ளம் புகுவதும் பெரும்பாலும் அங்கேதான் உயிர்களைக் கொள்ளும்.

இதை வாசிப்போருள் பலர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீடும் காணியும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். பாடசாலையையும் புகையிரத நிலையத்தையும் கோவிலையும் விசாரித்துப் பார்க்கும் நீங்கள், உங்கள் மாநிலத்தின் புவிச்சரிதவியற் படத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்கள் பகுதிக்கு விரிவான படம் இருந்தால், அதற்கு முன்னொரு தலைமுறை வரி செலுத்தியிருக்கிறது. இல்லையென்றால், உங்கள் தொகுதிப் பிரதிநிதி வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது அதைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.