கனவில் வந்த வீடு யாருடையது?

பல பஞ்சாங்கங்களில் பல்லி விழும் பலனுக்குப் பக்கத்திலேயே கனவுப் பலனும் அச்சாகிறது. கல்யாணத்தைக் கனவில் கண்டால் ஆகாது, சாவைக் கண்டால் நல்லது என்று பெரியவர்கள் சொல்லாத வீடு குறைவு. இன்றைக்கு அதே பட்டியல் கைப்பேசிக்கு இடம் மாறி, உளவியல் சொற்களைப் பூசிக்கொண்டு உலவுகிறது. வீடு என்றால் மனம், தண்ணீர் என்றால் உணர்ச்சி, பூட்டிய அறை என்றால் மறைத்து வைத்த நினைவு. வேடம் மாறியதே தவிர முறை மாறவில்லை. பழைய பட்டியலும் புதிய பட்டியலும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: பொருள் உருவத்துக்குள்ளேயே இருக்கிறது, யார் கண்டாலும் அது ஒன்றுதான். இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். கனவில் வரும் இடத்துக்கும் உருவத்துக்கும் பொருள் இருக்கலாம்; பல சமயம் இருக்கவும் செய்கிறது. ஆனால் அந்தப் பொருள், கண்டவருக்கு அந்த இடத்தோடு உள்ள புழக்கத்தில் கிடக்கிறது. கண்டவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் சொல்லப்படும் பலன், வேறு யாருடைய கனவுக்கோ சொன்ன பலன்.

இதற்கு முதல் சாட்சி, பட்டியல் போட்டவர்களிலேயே பெரியவர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த எபேசஸ் நகரத்தைச் சேர்ந்த ஆர்ட்டெமிடோரஸ், கனவுப் பலன் பற்றிக் கிரேக்க மொழியில் ஐந்து பாகங்களில் ஒரு நூல் எழுதினார். மேலோட்டமாகப் புரட்டினால் அதுவும் நம் பஞ்சாங்கப் பக்கம் போலத்தான் தெரியும். ஆனால் கனவு கண்டவர் யார், என்ன தொழில், எந்தக் குடி, வசதி எப்படி, உடல்நிலை என்ன, வயது என்ன என்று கேட்டறிந்த பிறகே பலன் சொல்ல வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். தன் மகனுக்காக எழுதிய நான்காம் பாகத்தில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார். கருவுற்ற ஏழு பெண்கள் பாம்பைப் பெற்றெடுத்ததாகக் கனவு கண்டார்களாம். செல்வர் வீட்டுப் பெண்ணின் மகன் பெரிய பேச்சாளன் ஆனான். பூசாரியின் மனைவி பெற்றவன் தானும் பூசாரியானான். அடிமைப் பெண்ணின் மகன் எசமானிடமிருந்து ஓடிப்போனான். நோயாளித் தாய்க்குப் பிறந்தவன் முடமானான். இன்னொருத்தியின் மகன் கொள்ளைக்காரனாகித் தலை வெட்டப்பட்டான். பலித்த கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பலன் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், ஒரே பாம்புக்கு ஏழு பொருள் உண்டு என்றும் அவற்றைப் பிரித்தறியும் வழி தாயின் வாழ்க்கையில் இருக்கிறது என்றும் கண்டிருக்கிறார் என்பதே முக்கியம். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வியைக் கைவிட்டார்கள்.

உருவங்களை விட இடங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பாம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பொதுவான பயமாவது உண்டு. வீடு அப்படியல்ல, ஒருவருக்கு அடைக்கலமாக இருப்பது இன்னொருவருக்குச் சிறை. 1909இல் மன ஆய்வாளர்களான சிக்மண்ட் ஃப்ராய்டும் கார்ல் யுங்கும் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உரையாற்றச் சேர்ந்து பயணம் செய்தார்கள். வழியில் ஒருவர் கனவை மற்றவர் ஆராய்வது அவர்கள் வழக்கம். அந்த நாட்களில் கண்ட ஒரு கனவை யுங் தன் நினைவுக் குறிப்புகளில் விவரிக்கிறார். அவருடையது என்று தோன்றும், ஆனால் பழக்கமில்லாத ஒரு மாடி வீடு. மேல்தளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் அலங்கரித்த கூடம். கீழ்த்தளம் அதை விடச் சில நூற்றாண்டுகள் பழையது. அதற்கும் கீழே ரோமானியர் காலத்து நிலவறை. தரையில் வளையம் பதித்த ஒரு கல்லைத் தூக்கினால் இன்னும் கீழே ஒரு குகை. அங்கே புழுதிக்கு நடுவே எலும்புகள், உடைந்த மண்பாண்டங்கள், இரண்டு மண்டையோடுகள். ஃப்ராய்டின் கவனம் மண்டையோடுகளில் நின்றுவிட்டது. அவை யாருடையவை, யாருடைய சாவை விரும்புகிறாய் என்பதே அவர் கேள்வி. அவரைச் சமாதானப்படுத்த, மனைவியும் மைத்துனியும் என்று யுங் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். யுங் பார்த்தது தளங்களை. தனி மனிதனின் நினைவுக்கும் கீழே மனித குலத்தின் பழைய நினைவு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்ற தன் கொள்கைக்கு இந்த வீட்டையே முதல் வரைபடமாக அவர் எடுத்துக்கொண்டார்.

இருவரில் யார் சொன்னது சரி என்று வாதாடுவது வழக்கம். எனக்கு இருவருமே ஒரே தவறைச் செய்ததாகப் படுகிறது. ஃப்ராய்ட் தன் கொள்கையின் சாவியைக் கொண்டு கதவைத் திறக்கப் பார்த்தார். யுங் அதே வீட்டை மனித குலம் முழுவதற்கும் எழுதிவைத்துவிட்டார். யுங் இளமையில் தொல்லியல் படிக்க ஆசைப்பட்டவர். அந்த ஆண்டுதான் சூரிச் ஏரிக்கரையில் தான் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனவர். ஆசானாக மதித்த ஃப்ராய்டோடு மனத்தளவில் விலகத் தொடங்கியவர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பார்த்தால், புது வீட்டுக்காரர் ஒருவர், படிக்காமல் விட்ட படிப்பின் கண்களோடு, ஆசான் இறங்காத ஆழத்துக்கு இறங்குவது தெரிகிறது. இதுவே முடிவான விளக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடு ஏன் அந்த வடிவில் வந்தது என்பதற்கு மற்ற இரண்டும் சொல்லாத காரணத்தை இது சொல்கிறது. மனித குலத்துக்கே பொதுவான வீடாக இருந்தால் ஐரோப்பியக் கட்டடக் கலையின் நூற்றாண்டுகளை வரிசை பிசகாமல் காட்டியிருக்க வேண்டியதில்லை.

கண்டவரின் வாழ்க்கை, கனவின் இடத்துக்கு எப்படி உரை எழுதுகிறது என்பதற்கு இதை விட வலுவான சான்று நாஜி ஜெர்மனியில் கிடைக்கிறது. பெர்லின் பத்திரிகையாளர் ஷார்லட் பெராட், 1933 முதல் 1939இல் நாட்டை விட்டு வெளியேறும் வரை, சுமார் 300 பேரின் கனவுகளை ரகசியமாகச் சேகரித்தார். குறிப்புகளைப் புத்தக அட்டைகளுக்குள் ஒளித்தார். கைது என்பதைச் சளிக்காய்ச்சல் என்றும் ஹிட்லரை ஹான்ஸ் மாமா என்றும் எழுதினார். 1966இல் அவை நூலாக வந்தன. அதில் 45 வயது மருத்துவர் ஒருவர் 1934இல் கண்ட கனவு இருக்கிறது. இரவு ஒன்பது மணி, வேலை முடிந்து சாய்ந்து படுத்து ஓவியர் குரூனவால்டு பற்றிய புத்தகம் படிக்கிறார். திடீரென்று அறையின் சுவர்கள் மறைகின்றன. பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய வரை எந்த வீட்டுக்கும் சுவர் இல்லை. இந்த மாதம் 17ஆம் தேதி ஆணைப்படி சுவர்கள் ஒழிக்கப்பட்டன என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. சுவரில்லாத வீட்டுக்கு எந்தப் பட்டியலில் பலன் தேடுவது? விடையை மருத்துவரே கண்டுபிடித்தார். முந்தின நாள் குடியிருப்புப் பகுதியின் கட்சிக் கண்காணிப்பாளர் வந்து, ஏன் கொடி ஏற்றவில்லை என்று விசாரித்திருந்தார். அவருக்கு ஒரு கோப்பை மது ஊற்றிக் கொடுத்துச் சமாளித்து அனுப்பிய மருத்துவர், என் நாலு சுவருக்குள் உன் அதிகாரம் செல்லாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். மனத்தில் சொன்ன அந்த நாலு சுவரைத்தான் கனவு எடுத்துவிட்டது. அவர் சொல்லியிராவிட்டால் உலகத்தின் எந்த நிபுணருக்கும் இது தெரிந்திருக்காது.

இங்கே முதல் மறுப்பு எழும். மனிதர்களுக்குப் பொதுவான கனவுகள் இருக்கின்றனவே? பல் விழுவது, துரத்தப்படுவது, தேர்வு மண்டபத்தில் விடை தெரியாமல் விழிப்பது. நம் சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி, வெண்கொற்றக் குடையும் செங்கோலும் சாயக் காண்கிறாள். கேட்பவர் யாருக்கும் பொருள் விளங்குகிறதே? காப்பியக் கனவை முதலில் பிரித்துவைப்போம். அது இளங்கோவடிகள் கேட்பவருக்கென்றே கட்டிய கனவு. குடை என்றால் அரசு என்பது கவிஞருக்கும் கேட்பவருக்கும் பொதுவான வழக்கு. அந்த வழக்கு இல்லாவிட்டால் கனவு முன்னறிவிப்பாக வேலை செய்யாது. தூங்குகிறவனின் கனவுக்கு அப்படி ஒரு சபை கிடையாது. இலக்கியத்திலிருந்து விதி எடுத்துப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தால் பட்டியல்தான் மிஞ்சும். பொதுவான கனவுகளைப் பொறுத்தவரை, உடம்பும் வாழ்க்கைக் கட்டங்களும் பொதுவாக இருப்பதே அதற்குப் போதுமான காரணம். பல் விழும் கனவு பற்றி இஸ்ரேலில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தக் கனவு மனவேதனையோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. விழித்தெழும்போது பல்லிலோ ஈறிலோ இருக்கும் உறுத்தலோடுதான் தொடர்பு தெரிந்தது. குடும்பத்தில் சாவு என்று சொல்லி வந்த கனவுக்குப் பல் மருத்துவரிடம் போவது பொருத்தமாக இருக்கலாம். தேர்வு மண்டபமோ எல்லோருக்கும் வருகிற இடம்தான்; ஆனால் எந்தத் தேர்வு வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஃப்ராய்ட் தான் தேறிய தாவரவியல், விலங்கியல், வேதியியல் தேர்வுகளைக் கனவில் திரும்பத் திரும்ப எழுதினார். தோற்றுப்போன சட்ட மருத்துவத் தேர்வு ஒருநாளும் வரவில்லை. மறுநாள் பொறுப்பான காரியம் காத்திருக்கும்போது, அன்றும் பயந்தாய், தேறிவிட்டாயே என்று மனம் ஆறுதல் சொல்வதாக அவர் அதைப் படித்தார். பொது இடத்துக்குள்ளும் தனி மனிதனின் கணக்கே நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கனவு வெறும் மூளைச் சலசலப்பு, அதில் பொருள் தேடுவதே வீண் என்பது. கண்கள் விரைந்து அசையும் உறக்க நிலை 1953இல் அறியப்பட்ட பிறகு, 1977இல் மனநல மருத்துவர்களான ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும், மூளைத்தண்டிலிருந்து எழும் ஒழுங்கற்ற தூண்டல்களை மேல்மூளை கோத்துக் கதையாக்குவதே கனவு என்றார்கள். அப்படியே இருக்கட்டும். கோப்பதற்கு மூளை எடுக்கும் சரக்கு யாருடையது? 2000இல் உறக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் 27 பேரை டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாடவைத்து, கண்ணயரும் தறுவாயில் எழுப்பிக் கேட்டார்கள். 17 பேருக்குக் கட்டங்கள் விழுவது தெரிந்திருந்தது. அந்த 27 பேரில் புதிய நினைவுகள் நிற்காத மறதி நோயாளிகள் ஐவர்; அவர்களில் மூவருக்கும் தெரிந்தது. விளையாடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை. தூண்டல் குருட்டுத்தனமாக வரலாம். அதற்குக் கிடைக்கும் உருவங்கள் அவரவர் நாளிலிருந்தும் வாழ்விலிருந்தும்தான் வருகின்றன. ஹாப்சனே பின்னாளில், கனவின் பொருள் மறைந்து கிடப்பதில்லை, வெளிப்படையாகவே இருக்கிறது என்று வாதாடினார்.

மூன்றாவது மறுப்பே உண்மையில் கடினமானது. கண்டவர் சொல்வதுதான் முடிவு என்றால், அவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாமே? யுங் ஃப்ராய்டிடம் பொய் சொல்லவில்லையா? சரிதான். கண்டவரை நான் நீதிபதி ஆக்கவில்லை, சாட்சியாகத்தான் வைக்கிறேன். சாட்சியில்லாமல் வழக்கு நடக்காது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமலும் நடக்கக் கூடாது. விசாரணைக்கு வழிகள் உண்டு. சொன்ன விளக்கம் கனவின் விசித்திரமான விவரங்களையும் தொடுகிறதா என்று பார்க்கலாம். பெர்லின் மருத்துவரின் விளக்கம் சுவரை மட்டுமல்லாமல், ஆணையின் தேதி வரை அரசாங்கக் குரலில் வந்ததையும் விளக்கிவிடுகிறது. ஒரு கனவோடு நிற்காமல் பல கனவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. உளவியலாளர்கள் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காஸிலும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், 100 ஆண்களும் 100 பெண்களும் ஆளுக்கு ஐந்தாகத் தந்த கனவுகளை, எந்த இடம், உள்ளா வெளியா, தெரிந்த இடமா தெரியாததா, யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று வகைப்படுத்தினார்கள். இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது, விழித்திருக்கும்போது மனத்தை ஆக்கிரமிக்கும் கவலைகளும் உறவுகளுமே கனவிலும் தொடர்கின்றன என்பது. ஒரே இடம் மாதக்கணக்கில் திரும்பி வந்தால் அதற்குத் தரும் விளக்கத்தை விழிப்பு வாழ்க்கையோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். ஒற்றைக் கனவின் மேல் கோட்டை கட்டியதுதான் யுங்கும் செய்த தவறு.

ஆகவே கனவில் ஓர் இடம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தேட வேண்டாம். அந்த இடத்தில் நான் என்ன செய்வேன், யாரோடு இருந்தேன், கடைசியாக எப்போது நினைத்தேன், நேற்று யார் அதைத் தொட்டுப் பேசினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை வராமலும் போகலாம். எல்லாக் கனவுக்கும் பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் உங்கள் கனவுக்குப் பலன் சொல்பவர் சோதிடராக இருந்தாலும், மனநூல் படித்தவராக இருந்தாலும், கைப்பேசிச் செயலியாக இருந்தாலும், அந்தப் பலனுக்காகப் பயப்படவும் வேண்டாம், பணம் கொடுக்கவும் வேண்டாம்.