கண்ணில் படாத மராமத்து

ஓசூரிலிருந்து நாகரசம்பட்டியை அடுத்த போச்சம்பள்ளி வரை பரந்துள்ள தொழில் வட்டாரத்தில் இன்று மின்சார ஸ்கூட்டர்களும் மின்னணுக் கருவிகளும் உருவாகின்றன. ஸ்கூட்டரின் கைப்பிடியைத் திருகியதும் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்று முடிவு செய்வது அதனுள் இருக்கும் நுண்செயலி. அச்செயலியை வழிநடத்துவது, கருவியிலேயே பதிக்கப்பட்ட நிலைப்பொருள் என்னும் மென்பொருள். நிலைப்பொருளை எழுதுவோர், தாம் எழுதும் ஒவ்வொரு கட்டளையையும் செயலி பிறழாமல் நிறைவேற்றும் என நம்பியே எழுதுகின்றனர். அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் திறந்த மூலக் கருவிகளுள் ஒன்று சென்னையில் பிறந்தது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் கட்டளைத் தொகுதி உருவாகத் தொடங்கியது. உரிமத்தொகை செலுத்தாமல் எவரும் இதைக்கொண்டு செயலி வடிவமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ நுண்செயலித் திட்டம் இதன்மீது எழுந்ததே. 2018-இல் சக்தியின் சில்லு ஒன்று சண்டிகரில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவாக்கப்பட்டது.

எவரும் வடிவமைக்கலாம் என்ற உரிமையுடன் ஒரு சிக்கலும் வந்தது. ஒரே விதிநூலைப் பத்துப்பேர் பத்து விதமாகப் பொருள் கொண்டால், ஒரு செயலிக்கு எழுதிய நிலைப்பொருள் மற்றொன்றில் தடுமாறும். சக்தித் திட்டத்தில் பணியாற்றியோர் தொடங்கிய இன்கோர் நிறுவனம், இதற்கெனப் பைத்தான் மொழியில் ‘ரிஸ்க்-ஃபைவ் கான்ஃபிக்’ என்னும் பொது நிரலகத்தையும், அதன்மீது இயங்கும் ‘ரிஸ்காஃப்’ என்னும் சோதனைக் கருவியையும் உருவாக்கி உலகுக்குத் திறந்துவைத்தது. வடிவமைப்பாளர் தம் செயலியின் இயல்புகளை ஒரு கோப்பில் எழுதித் தருவார். அவ்விவரங்கள் ஒன்றுக்கொன்று முரணின்றி உள்ளனவா என நிரலகம் ஆராயும். பின்னர் ஏற்ற சோதனைகள் தெரிந்தெடுக்கப்பட்டு, அவருடைய செயலியிலும் முன்மாதிரி ஒன்றிலும் இயக்கப்படும். இரண்டின் விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதே தேர்வு.

ஆக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும் ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு 15 புதிய விவரக்குறிப்புகளுக்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொன்றுக்கும் நிரலகத்தில் புதிய விதிகள் சேரவேண்டும். பழைய செயலிகளுக்கான சோதனைகளும் கெடாமல் இருக்கவேண்டும். எங்கிருந்தோ ஒருவர் அனுப்பும் திருத்தத்தை வரிவரியாகப் படித்து ஏற்பதும் மறுப்பதும் அறிவுக்கு விருந்தான வேலை அன்று, சலிப்பூட்டும் வேலை. ஆனால் அங்கே ஒரு வரி நழுவினால் பழுதான செயலியும் தேர்ச்சி பெற்றுவிடும். மென்பொருளின் பிழையை மறுநாளே திருத்தலாம். சிலிக்கனில் பொறித்த பிழைக்குச் சில்லையே மீண்டும் செய்யவேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஏரிகளை ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்து காத்த காலம் உண்டு. நீர் பாயும் வயல் யாருடையதோ அவர் கரைக்கு மண் சுமந்தார். பொது நிரலகங்களுக்கோ நீர் கொள்வோர் ஆயிரம் பேர், மண் சுமப்போர் ஓரிருவர் என்பதே பெரும்பாலும் நிலை.

தரவைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் நிரலகம் அப்படித்தான் இருந்தது. லாசே கொல்லின் என்னும் பின்லாந்துக்காரர் ஊதியமின்றி அதைப் பல்லாண்டு பேணினார். அவர் களைத்திருந்த வேளையில், உதவுவதாக வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களையே அளித்து நம்பிக்கை பெற்றார். பேணும் பொறுப்பிலும் பங்கு பெற்றார். பிறகு 2024-இல் வெளியிட்ட பதிப்பில், நிரலைக் கட்டமைக்கும் குறுநிரலின் வழியே உட்புகும் ஒரு திருட்டு வாயிலை மறைத்துவைத்தார். அவர் உண்மையில் யார் என்பது வெளிப்படவே இல்லை. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் தொலை உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று விடாமல் அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். அவ்வாண்டு மார்ச் 29-ஆம் நாள் அவர் உலகுக்கு அறிவித்தபோது, அப்பதிப்பு பெரும்பாலான கணினிகளைச் சென்றடைந்திருக்கவில்லை.