பேசாத மனிதரும் பேசும் மூத்தம்மாவும்

பரீட்சை முடிந்த விடுமுறை முழுவதும் நான் ஒரு மனிதர் களிமண் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜோன் பிளான்ட். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தவர். 2015 முதல் ‘பிரிமிட்டிவ் டெக்னாலஜி’ என்ற பெயரில் யூடியூப்பில் காணொளிகள் வெளியிடுகிறார். காட்டில் கிடைப்பவற்றைக் கொண்டே குடிசை, சூளை, கூரை ஓடு எல்லாம் செய்கிறார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பின்னணி இசையும் இல்லை. மேற்சட்டையும் இல்லை! “இந்தாளுக்கு ஒரு சேட்டு வாங்கிக் குடுக்க ஆளில்லையா?” என்பார் உம்மா.

விளக்கம் வேண்டுமானால் திரையில் எழுத்துகளை வரச்செய்து வாசிக்கலாம். நான் முதலில் அவை இல்லாமல் பார்த்து, காரணத்தை ஊகிப்பேன். சுட்ட மண்பாண்டத்தை நொறுக்கி ஏன் புதுக் களிமண்ணில் கலக்கிறார்? ஏற்கெனவே சுட்ட துகள்கள் மேலும் சுருங்காது. அதனால் பாண்டம் வெடிப்பது குறையும். ஓடையிலுள்ள செம்மஞ்சள் சேற்றை ஏன் அள்ளுகிறார்? நீரில் கரைந்த இரும்பை ஒட்சியேற்றிச் சக்தி பெறும் பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் துரு அது. அதை மரக்கரியோடு உலையிலிட்டு, கையால் சுழற்றும் விசிறியால் காற்றூதுகிறார். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு ஒட்சிசனைப் பறித்துக்கொள்ள, கசடுக்குள் சிறுசிறு இரும்பு மணிகள் மிஞ்சுகின்றன. சமன்பாடாக மனனமிட்ட தாழ்த்தலை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அவர் கூடை பின்னும் காணொளி ஓடியபோது மூத்தம்மா என் பின்னால் வந்து நின்றார்.

“நல்லாத்தான் பின்றார். விளிம்ப இன்னும் இறுக்கோணும்.”

மூத்தம்மா பன்புல் பாய் இழைப்பவர். வயது 72. கண் மங்கி, இப்போது விரல்களால் தடவித்தான் இழைக்கிறார். உம்மாவும் சாச்சியும் அதைக் கற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பின் யாருமில்லை.

அன்றே தொலைபேசியைப் புத்தகங்களில் சாய்த்து வைத்துப் பதிவைத் தொடங்கினேன். அந்த அவுஸ்திரேலியரைப் போலப் பேசாமல் இழைக்கச் சொன்னேன். மூத்தம்மாவால் முடிகிற காரியமா? சாயம் அவித்த பானை, யாருடைய கலியாணத்துக்கு எந்தப் பாய் போனது, யார் இன்னும் காசு தரவில்லை என்று எல்லாமே வந்தன. நடுநடுவே, “தண்ணி தெளி. காஞ்ச பன் மடிக்கக்குள்ள முறியும்” என்பது போன்றவையும் வந்தன. திரையில் எழுத்தாக நான் தேடிய விளக்கங்கள் அவைதான். ஒன்றையும் வெட்டவில்லை, கடன்காரர் பெயர்களைத் தவிர.

இதுவரை ஆறு பதிவுகள். பாய் பாதி வந்துவிட்டது. கடைசிப் பதிவில் விரல்களைக் கிட்டவாகப் பிடிக்கக் குனிந்தேன்.

“அத அங்கால வச்சிட்டு இந்த ஓரத்தப் புடி, மகள்.”

அதில் மீதி நேரம் முழுவதும் சுவர்தான் தெரிகிறது.