செத்த குழுவின் கடன்

செவ்வாய், இரவு

லாஸ்பேட்டை ஆபீஸில் கரண்ட் இருந்தது, நெட் இருந்தது. சர்வர் மட்டும் புதுக் கன்டெய்னரைத் தொடங்க மறுத்தது. ‘சாதனத்தில் இடமில்லை’ என்கிறது. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. இந்தச் செய்தியை நம்பி லாக் கோப்புகளை அழிக்கக் கிளம்பியவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ! லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் சிகுரூப் (கட்டுப்பாட்டுக் குழு) கணக்கைத் திறந்தால், மெமரி வரிசையில் அறுபத்தைந்தாயிரத்தைத் தாண்டிய எண். கண்ணுக்குத் தெரியும் குழுக்களோ முப்பதுகூட இல்லை. மீதி எல்லாம் செத்தவை.

புதன்

நிமிடத்துக்கு ஒரு கன்டெய்னர் பிறந்து, வேலை முடித்துச் சாகிறது. நாளுக்கு 1,440. கன்டெய்னரின் குழு கலைந்தாலும் அது படித்த கோப்பின் பக்கங்கள் கேஷில் கிடக்கின்றன, அதன் பெயரில். அந்தப் பற்று தீராமல் கெர்னல் குழுவை விடுவிக்காது. ஸ்வாப் பதிவில் ஒவ்வொரு இடத்துக்கும் குழு எண் எழுத 16 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக 65,535-க்கு மேல் எண் கிடையாது. எதுவுமே விடுபடாவிட்டால் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும்.

எங்கள் கெர்னல் 4.4, 2016 தொடக்கத்தில் போட்டது. அதற்கு முந்தைய காலத்தில் குழு கலையும்போதே பக்கங்களைத் தாய்க்குழுவின் பெயருக்கு மாற்றி எழுதிவிடுவார்களாம். 2014 கடைசியில் கெர்னல் நிரலாளர் யோஹானஸ் வைனர் அந்தச் சுமையான வேலையை நீக்கினார். நீக்கியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிமிடத்துக்கொரு சாவை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

வெள்ளி

2016 ஜூலையில் அதே வைனர் திருத்தினார். மெமரிக் குழுவுக்குத் தனி எண். குழு கலைந்ததும் எண் திரும்பிவிடும். ஸ்வாப்பில் அதன் பெயரில் ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்கும். அழகான திருத்தம். அதிலேயே அடுத்த கசிவு.

எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்ட செத்த குழுவின் பக்கம் ஒன்று இன்னும் ராமில் கிடக்கிறது என்று வையுங்கள். பிறகு அது ஸ்வாப்புக்குப் போகிறது. பற்று எழுதியாகிவிட்டது, யார் பெயரில் என்று குறிக்க எண் இல்லை. பக்கம் திரும்பி வரும்போது யாருக்கு வரவு வைப்பது? வைக்கவே மாட்டார்கள். அந்தக் குழுவிலும் அதன் மூதாதைகள் எல்லோரிடமும் ஸ்வாப் கணக்கு ஏறியபடியே நிற்கும். ஆகஸ்டில் இன்னொரு நிரலாளர் விளாதிமிர் டேவிடோவ் இதை அடைத்தார்: மேலே ஏறிப் போ, எண்ணை இன்னும் விடாத முதல் மூதாதை தலையில் எழுது.

நம்மூர்ப் புதுச்சேரியின் ரெனோன்சான் குடும்பத்துப் பிள்ளைக்கு இது வேடிக்கையாக இருக்கும். 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள் அவர்கள். சொத்தும் வேண்டாம் கடனும் வேண்டாம் என்று வாரிசு எழுதிக்கொடுத்துவிடலாம். கெர்னலில் பேரன் பட்ட கடனைத் தாத்தா மறுக்க முடியாது.

எனக்கு வைனரின் திருத்தத்தைவிட டேவிடோவுடையதுதான் பிடித்திருக்கிறது. அளவில் சின்னது, ஆனால் ‘யார் பெயரில்’ என்ற கேள்வியை அதுதான் நேராகக் கேட்கிறது.

சனி

புதுக் கெர்னல் ஏற்றியாயிற்று. கன்டெய்னர்கள் ஓடுகின்றன. செத்த குழுக்கள் மெமரியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். எண் மட்டுமே திரும்புகிறது. வில்லியனூர் வாடிக்கையாளரிடம் இன்னும் அந்தப் பழைய 4.4 தான். திங்கள்கிழமை ரீபூட்டுக்கு நேரம் கேட்க வேண்டும். தரமாட்டார்கள். அதுவரை கேஷைக் காலி செய்யும் கட்டளையை இரவு இரண்டு மணிக்குக் கிரானில் போட்டு வைத்திருக்கிறேன்.