கடுக்காய் மரத்தடியில்

ஆம்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் பிரியாணி நினைவுக்கு வரும். அடுத்தது தோல். எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா இரண்டு பேருக்கும் சோறு போட்டது தோல் ஷாப்புதான். பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். எடுத்திருப்பதும் தோல் தொழில்நுட்ப டிப்ளமோதான்.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஐந்து பேர் அமிர்திக்குப் போனோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பல் தந்தியடித்தது. வழியெல்லாம் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்திருந்தது. மரங்களுக்குள் ஏறிப் போகும்போது ஒரு ஆயா கீழே உதிர்ந்த கடுக்காயைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு கண்ணு?"

"ஆம்பூரு ஆயா."

"அப்ப ஷாப்புக்காரங்க புள்ளைங்களா? இந்தக் காய் உங்க ஊருக்கெல்லாம் நெறைய போன காய்தான்!"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தாத்தாவின் பழுப்பேறிய நகங்கள் ஞாபகம் வந்தன. அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் முடி நீக்கிய தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் குழியில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். அதில்தான் நிறம் எடுக்கும். பட்டையிலும் காயிலும் உள்ள டானின் தோலின் நாரோடு பிணைவதால் தோல் அழுகுவதில்லை என்று நான் வகுப்பில் படித்தேன். தாத்தா அதைக் கையாலேயே தெரிந்து வைத்திருந்தார். இன்று பெரும்பாலும் குரோம் உப்புதான். சுழலும் டிரம்மில் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும்.

"அப்ப மறுபடி பட்டைக்கே போயிடலாமே மச்சி, பாலாறு தப்பிக்குமே?" என்றான் ஒருவன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை தோலுக்கும் பட்டை உரித்தால் காடு தாங்குமா? அதோடு, பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. பிறகு பட்டை போட்டாலும் குரோம் போட்டாலும் அந்த உப்பு போகாது. கிணற்றுத் தண்ணீர் கரித்ததற்கு அதுவும் காரணம். கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு நீக்காது. சவ்வு வழியே வடிகட்டி, மீதியைக் காய்ச்ச வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம் வேலூர்ப் பகுதி வழக்கில்தான். தீர்ப்பு வந்தாலும் இயந்திரத்தைச் சரியாக ஓட்ட, வேலை தெரிந்த ஆள் வேண்டுமே!

"படிச்சு ஆபீசுல உக்காரு, ஷாப்புப் பக்கம் வராத" என்பது அப்பா தினமும் சொல்வது. முப்பது வருஷம் ஈரத்தில் நின்ற கால் அவருடையது. அன்று இரவு ஆயா கொடுத்த கடுக்காயை அவர் கையில் வைத்தேன். மோந்து பார்த்தார்.

"எங்கப்பன் கை வாசனைடா" என்றார்.

"நான் ஷாப்புக்குத்தான் வருவேன்பா. தண்ணிய சரிபண்ற வேலைக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'வராதே' என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

நண்பர்களே, அடுத்த லீவில் நீங்களும் ஒரு நடை அமிர்திக்குப் போய் வாருங்கள். நம் தொழில் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதும் தெரியும்!