கூடத்தில் ஒரு நிலவறை

போன மே மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு நிலவறை ஆக்கிரமித்தது. நகராட்சியில் புகார் கொடுக்க முடியாத ஆக்கிரமிப்பு. செய்தவன் என் அக்கா மகன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் அக்கா அவனை எழும்பூரில் ரயிலேற்றி விருத்தாசலத்துக்கு அனுப்பிவிட்டாள். "கொஞ்ச நாள் ஆயாகிட்ட இருக்கட்டும்டா. இங்க இவரும் அவனும் பேசிக்கிறதே இல்லை." 'இவர்' என்றால் என் மாமா, அக்கா வீட்டுக்காரர். பையன் ஏழாவது படிக்கும்போதே எக்ஸெலில் ஒரு சார்ட் போட்டு ஹாலில் ஒட்டியவர். கோச்சிங், ஐ.ஐ.டி., அமெரிக்கா, கிரீன் கார்டு என்று 2040 வரை கட்டம் கட்டமாக இருக்கும். பையன் முதல் கட்டத்திலேயே வழுக்கிவிட்டான்.

ஜங்ஷனில் இறங்கியவன் கையில் பெட்டியைவிடப் பெரிதாக ஒரு சார்ட் பேப்பர் சுருள்.

"என்னடா இது?"

"டஞ்சன், மாமா."

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த ஒரே டஞ்சன், மார்ச் 31 ராத்திரி ஆடிட்டர் ஆபீஸ். ஙே என்று விழித்தேன். அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் உண்டாக்கியது. முதலில் அச்சடித்தது ஆயிரம் பெட்டிகள்தான். கைகாக்ஸ் அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டியவர். (ஆபீஸ் நண்பர்கள் மனம் தளர வேண்டாம்!) ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். "இருட்டில் ஒரு கதவு தெரிகிறது" என்பார் கதை சொல்லி. "திறக்கிறேன்" என்றால் உள்ளே பூதம். நம் அடி அதன் மேல் பட்டதா என்பதை இருபது முகத் தாயக்கட்டை சொல்லும். நம்மூர் தாயக்கட்டைக்கு நாலே முகம். வெள்ளைக்காரனுக்கு எதிலும் பேராசை.

சண்டை வந்தால் கட்டம் போட்ட தரையில் குட்டிப் பொம்மைகளை நிறுத்தி ஆட வேண்டும். ஒரு கட்டம் ஐந்தடி. யாருடைய கத்தி யாருக்கு எட்டும், எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளியலாம் என்பதெல்லாம் கட்டத்தை எண்ணித்தான்.

"பொம்மைக்கு எங்க போறது மாமா?" என்றான். விருத்தாசலத்தில் கேட்கிற கேள்வியா இது? திருநெல்வேலியில் நின்றுகொண்டு அல்வாவுக்கு வழி கேட்கிற மாதிரி!

செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை பண்ணும் நண்பரிடம் கூட்டிப்போனேன். கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினார். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும். மண் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒரு பொம்மை. காயவைத்துச் சூளையில் வைத்தால் சற்றுச் சுருங்கி வெளியே வரும். வருகிற எல்லாமே ஒழுங்காக வருமா? கோணிப்போனது, மூக்கு உடைந்தது எல்லாம் ஓரமாக ஒரு கூடையில் கிடந்தன. "செகண்ட்ஸ் சார். சும்மா எடுத்துக்குங்க."

பையன் கூடையைக் கிளறிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். திடீரென்று, "மாமா, கைகாக்ஸும் ஆரம்பத்துல இப்படித்தான். ஹாங்காங்ல செஞ்ச மட்டமான பிளாஸ்டிக் பொம்மைங்களை வாங்கியாந்து பூதமா நிறுத்தினாரு. இரும்பைத் துருவாக்கித் தின்னுற பூதம் அதுலேர்ந்து பொறந்ததுதான்" என்றான். வந்ததிலிருந்து அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு இது. மூக்கில்லாத கொலுச் செட்டியார் ஒருவர், செட்டியாரம்மா, கோணல் யானை, நாலு வாத்து சகிதம் வீடு திரும்பினோம்.

அங்கேதான் வம்பு. வழக்கமாக இந்த ஆட்டத்துப் பொம்மை ஓர் அங்குலக் கட்டத்தில் நிற்கும். எங்கள் செட்டியாருக்கு இரண்டு அங்குலம் வேண்டும். பையனின் நிலவறையோ 600 அடி நீளம், 63 அறைகள். கணக்குப் போட்டேன். 120 கட்டம், 240 அங்குலம், அதாவது இருபதடி. எங்கள் கூடமே பன்னிரண்டடி!

பையன் அசரவில்லை. சார்ட்டோடு சார்ட் ஒட்டிக் கூடத்தில் ஆரம்பித்து ரேழி வழியாகத் திண்ணைக்குப் போனான். ஃபேன் போட்டால் பறக்கும். போடாவிட்டால் மே மாத விருத்தாசலம். நடுவில் ஒருநாள் பழமலைநாதர் கோவிலுக்கு அழைத்துப்போனேன். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தீர்த்தம் என்று எல்லாமே ஐந்தைந்தாக உள்ள கோவில். தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரைக் கண்டதும், வீட்டுக்கு வந்து நிலவறை வாசலையே அழித்து மறுபடி வரைந்தான்.

"ஆட்டம் எப்படா?"

"முழுசா வரைஞ்சப்புறம் மாமா."

எட்டாம் நாள் 41-வது அறை. குனிந்து வரைந்தவனை உற்றுப் பார்த்தேன். அப்படியே அவன் அப்பா முகம்!

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல் ஈரத்துணியோடு கூடத்தைத் துடைக்க வந்தாள். மூன்றாவது அறை கூழ். பையன் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அம்மா 'சாரி' சொல்கிற ஆள் இல்லை. கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு ரூமுக்கு எத்தனை கட்டம்டா கண்ணு?"

"எட்டுக்கு ஆறு ஆயா."

கண்மூடித் திறப்பதற்குள் சிவப்புத் தரையில் எட்டுக்கு ஆறு புள்ளி. நூல் பிடித்த மாதிரி.

"புள்ளிக்கு ஒரு பொம்மையை நிறுத்து. சண்டை முடிஞ்சா துடைச்சிட்டு அடுத்த ரூமைப் போடு. நாளைக் கோலத்தை இன்னைக்கே எவளாவது போட்டு வைப்பாளா?"

பையன் கொஞ்ச நேரம் புள்ளிகளையே பார்த்தான். பிறகு மெதுவாக, "நிறைய பேர் இப்படித்தான் மாமா ஆடுறாங்க" என்றான். மொத்த வரைபடமும் கிராஃப் நோட்டில் கட்டத்துக்குப் பத்தடி என்று சின்னதாக இருக்கும். அதைக் கதை சொல்லி மட்டும் பார்ப்பார். நடைபாதை எல்லாம் வாய்வார்த்தை. கேட்பவர்கள் தங்களுக்கென்று ஒரு படம் வரைந்துகொண்டு வருவார்கள், தப்பானால் தொலைந்துபோவார்கள். சண்டை நடக்கிற அறை மட்டும்தான் தரைக்கு வரும். இருபதடி நிலவறை, நோட்டில் அறுபது சின்னக் கட்டம்!

"தெரிஞ்சும் ஏன்டா இத்தனை சார்ட் ஒட்டினே?"

"முழுசா போடலேன்னா தப்பாயிடுமோன்னு பயம் மாமா."

எனக்குப் பதில் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே ஆட்டம். நான் மூக்கில்லாத செட்டியார், மாவீரன். அம்மா செட்டியாரம்மா, மந்திரவாதி. முதல் அறையில் நாலு வாத்து பூதங்கள். "வாயில்லா ஜீவன், பாவம்" என்று அம்மா அடிக்க மறுத்து, பொரி போட்டுச் சமாதானம் பேசிவிட்டாள். எந்த விதியிலும் இல்லாதது. பையன் வாய்விட்டுச் சிரித்தான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து இறங்கினார். கோண யானையை அவர் கையில் கொடுத்துத் தரையில் உட்காரவைத்தோம். பேன்ட் இடுப்பில் இறுக்க, கூடத்தை ஒரு சுற்று பார்த்தார். நாற்பது புள்ளி, ஒரு கதவு, அவ்வளவுதான்.

"மொத்த மேப் எங்க?"

பையன் கிராஃப் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"அதைக் காட்ட மாட்டேன்பா. நீங்க கதவைத் திறங்க, நான் வரையறேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் செட்டியாரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் யானையை மெள்ள ஒரு புள்ளி முன்னால் நகர்த்தினார்.